ஓ.டி.பி. சொல்லுங்க மேடம்

நவ. 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். குடைக் கம்பி ஒன்று பிய்த்துக்கொண்டது. காலாப்பட்டு பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் இடது தோள் முழுக்க ஈரம்.

புது இடம் பார்த்தாயிற்று. கல்லூரி ஆபீஸ், அக்கவுண்ட்ஸ் பிரிவு. எனக்கு ஜன்னலோர மேசை. மேசைமேல் ஆபீஸ் போன், அதற்கென்று தனி நம்பர். தொட்டுப் பார்த்தேன். அங்கிருந்த அம்மாள் என்ன நினைத்தாளோ.

கேட்டவை:
– பழைய கம்பெனி ரிலீவிங் லெட்டர்
– பி.காம். ஒரிஜினல், மார்க் ஷீட்டுகள்
– பி.எஃப். கணக்கில் பழைய இடத்திலிருந்து நான் விலகிய தேதி

17ஆம் தேதி திங்கள் காலை மூன்றும் இருந்தால் அன்றே சேரலாம். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்களாம். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மூன்றும் முசேயின் கையில். முசே என்றால் முதலாளி. முன்னாள் முதலாளி என்று எழுதிப் பழக வேண்டும். தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டிக் கம்பெனி, பதினோரு வருடம் நான் அங்கே கணக்கு. ஒரிஜினல் எல்லாம் சேர்ந்த அன்றே "பத்தரமா இருக்கட்டும்" என்று வாங்கித் தன் வீட்டு பீரோவில் வைத்துக்கொண்டார். அங்கே சேருகிற எல்லாரும் அப்படித்தான் கொடுக்கிறார்கள். நானே எத்தனை பேரிடம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஆகஸ்டிலேயே எழுதிக் கொடுத்து, இரண்டு மாத நோட்டீஸும் முழுசாக வேலை பார்த்து, அக்டோபர் 31 கிளம்பினேன். இன்று சாயங்காலம் போன் செய்தேன்.

"என்னம்மா ஸ்டெல்லா, கோவம் தீந்துதா?"

கோபமே இல்லை முசே, ராஜினாமா என்றேன்.

"சரி சரி, பாக்கலாம்."

இந்தப் 'பாக்கலாம்' இருக்கிறதே. பதினோரு வருடமாகக் கேட்டது.

நவ. 7, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம். துணி காயவில்லை.

கோவிந்தராசு சார் நான்கு தடவை போன். என் இடத்துக்கு வந்தவர். ஏதோ மில்லில் ரிட்டயர் ஆனவர், நல்ல மனுஷன், கீபோர்டில் ஒரே விரல். என்னைவிட இருபது வயது மூத்தவர், மேடம் என்கிறார்.

"மேடம், ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க மேடம்."

சொன்னேன். அவர் ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லி அடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. மறுபடி வந்தது. மறுபடி சொன்னேன்.

இந்தக் கூத்துக்கு நானேதான் காரணம். நான் சேர்ந்தபோது முசேயிடம் பட்டன் போன். அதிலும் அவருக்கு மெசேஜ் பார்க்கத் தெரியாது. எந்தப் பதிவு வந்தாலும் 'மொபைல் எண்' என்ற கட்டத்தில் "ஒன் நம்பரப் போடும்மா" என்பார். போட்டேன். இன்று என் போனில் தொங்குபவை: ஜி.எஸ்.டி., லாரி சரக்கோடு கிளம்பத் தேவையான ஈ-வே பில், பி.எஃப்., இ.எஸ்.ஐ., கரண்ட் பில், காஸ், முசே மகளின் பிளேன் டிக்கெட், முசே வீட்டுக்குக் காலையில் பிரெட் கொண்டுவரும் ஆப். இதில் காஸ் சிலிண்டர் வந்து இறங்கினாலும் எனக்குத்தான் நம்பர் வரும். அவர்கள் வீட்டில் குழம்பு கொதிப்பதற்கு நெல்லித்தோப்பில் நான் போனை எடுக்க வேண்டும்.

நோட்டீஸ் இரண்டு மாதமும் தலைபாடாக அடித்துக்கொண்டேன், முசே, நம்பரை மாத்தணும், உங்க கையெழுத்து வேணும், ஒரு மணி நேரம் உட்காருங்க என்று. "அதுக்கென்ன அவசரம், நீ எங்க போயிடப் போற?"

போயிட்டேன் முசே. போய் ஒரு வாரம்.

வாங்க வேண்டியது: குடை, புளி, இவருக்குத் தைலம்.

நவ. 8, சனி

நேரிலேயே போய்விடலாம் என்று தட்டாஞ்சாவடி போனேன். போயிருக்கக் கூடாது.

கேட்டில் நுழையும்போதே ஒட்டுகிற பகுதியிலிருந்து செல்வி கத்தினாள், "அக்கா வந்துட்டாங்க!" எல்லாருக்கும் சிரிப்பு. வாட்ச்மேன்கூட "வந்துடுவீங்கன்னு தெரியும்மா" என்றான். என் நாற்காலி அப்படியே. முதுகில் நான் போட்ட துண்டு. என் டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. கோவிந்தராசு சார் பாவம், பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கிறார். "முசேதான் மேடம், அது உங்க எடம்னாரு."

காபி வந்தது. முசே புயல் சின்னம் பற்றிப் பேசினார். காகித விலை பற்றிப் பேசினார். மகள் பாரீஸில் வீடு மாறுவது பற்றிப் பேசினார். லெட்டர் என்றேன். "எழுதிடலாம்." ஒரிஜினல் என்றேன். பீரோ சாவி அவர் மனைவி மதாமிடம். மதாம் காரைக்காலில் தங்கச்சி வீட்டில். எப்போது வருவார்கள்? "வருவா." பி.எஃப். என்றேன். காபி ஆறுகிறது என்றார்.

அப்போதுதான் அந்தக் கேவலம். வாசலில் லாரி. ஈ-வே பில் போட முடியாமல் கோவிந்தராசு சார் முழிக்கிறார். டிரைவர் எட்டிப் பார்த்து, "யக்கா, சீக்கிரம் போட்டுக் குடு யக்கா, கடலூர்ல எறக்கணும்" என்கிறான். என்ன நினைப்பில் இருந்தேனோ, போய் என் நாற்காலியில் உட்கார்ந்து, என் போனுக்கு வந்த நம்பரை நானே பார்த்து, நானே அடித்து, பில்லை பிரிண்ட் எடுத்து டிரைவர் கையில் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது.

முசே கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"பாத்தியா? ஒன்னால வுட்டுட்டு இருக்க முடியல."

பாத்ரூமில் போய் அழுதேன். அவர்மேல் கோபம் கொஞ்சம். என் விரல்கள்மேல் நிறைய.

நவ. 9, ஞாயிறு

இரண்டாம் பூசை. பிரசங்கம் நீளம். வெளியே வந்தால் செருப்பு விடும் இடத்தில் முசே, வெள்ளைச் சட்டை, கையில் கேக் பெட்டி. என்னிடம் ஒரு பேச்சு இல்லை. நேரே இவரிடம் போனார்.

"அந்தோணி, வீட்டுல கொஞ்சம் சொல்லுப்பா. குடும்பம் மாதிரி இருந்துட்டு இப்டி மொகத்தத் திருப்பிக்கினா எப்டி?"

இவர் நோணாங்குப்பம் போட் ஹவுசில் படகு ஓட்டுகிறவர். நாள் முழுக்க டூரிஸ்டுக்குத் தலையாட்டிப் பழக்கம். முசேக்கும் ஆட்டினார். கேக்கையும் வாங்கிக்கொண்டார். வழியிலேயே பெட்டியைப் பிரித்து ஒரு துண்டு. "நல்லாருக்கு, நீயும் தின்னு." நான் தொடவில்லை. சாயங்காலம் பார்த்தால் பெட்டி காலி.

முசே இதை ராஜினாமா என்று இன்னும் ஒத்துக்கொள்ளவே இல்லை. அவரைப் பொறுத்தவரை நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோன பெண். கெஞ்சினால் வந்து உட்காருவேன். சண்டை போடுகிறவரோடு சண்டை போடலாம். கேக் கொடுக்கிறவரோடு என்ன செய்வது?

ஏன் விட்டேன் என்று அவர் இதுவரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இங்கேயாவது எழுதிவைக்கிறேன். ஜூன் மாதம், அம்மா அடக்கம். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது போன். முசே. லாரி நிற்கிறதாம். நான் கூட்டத்தை விட்டு நகர்ந்து, கேட்டுப் பக்கம் போய், மெதுவான குரலில் ஆறு எண்ணைச் சொன்னேன். "சரியா கேக்கல, திருப்பிச் சொல்லு" என்றார். திருப்பிச் சொன்னேன். வந்து பார்த்தால் பாதி மண் போட்டிருந்தார்கள். முதல் பிடி மண் நான் போட வேண்டியது, அண்ணி போட்டிருந்தாள்.

போன வாரம் கல்லறைத் திருநாளன்றும் மெழுகுவத்தியைக் கொளுத்திவிட்டுப் பாதி நேரம் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவ. 10, திங்கள்

காற்று. துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள். படகு கிடையாது. ஆகவே இவர் வீட்டில். ஆகவே ஆலோசனை.

"நீ ஏன் அந்த நம்பரச் சொல்ற? சொல்லாத. லாரி நிக்கட்டும். ஓடி வருவாரு பாரு."

கேக்கை முழுசாகத் தின்றவர் வாயிலிருந்து இது.

லேபர் ஆபீஸ் போய் விசாரித்தேன். மனு எழுதிக் கொடுக்கலாமாம், இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசுவார்களாம். எப்போது என்றேன். முறைப்படி நோட்டீஸ் போய், பதில் வந்து... அதற்குள் 17 போய்விடும். "முதலாளியோட பேசிப் பாருங்கம்மா, சுமுகமா முடிஞ்சா நல்லது." நான் சுமுகத்தில் மூச்சு முட்டிப் போய்த்தான் இங்கே வந்திருக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

திரும்பி வரும்போதே முடிவு செய்தேன். இவர் சொன்னதால் இல்லை. (அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளப் போகிறார்.) நாளையிலிருந்து ஒரு நம்பரும் கிடையாது. லெட்டரும் சர்டிபிகேட்டும் வரட்டும், அப்புறம் பேசலாம்.

நவ. 11, செவ்வாய்

கனமழை. சமையலறை ஓரம் ஒழுகல், கீழே வாளி.

காலை பத்திலிருந்து போன். கோவிந்தராசு. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. பிளாக் செய்தேன். கம்பெனி லேண்ட்லைன். அதையும் செய்தேன். மெசேஜ் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது, ஈ-வே பில் ஒன்று, பி.எஃப். இரண்டு, இன்னும் என்னவோ. திறக்காமலே அழித்தேன். ஒவ்வொன்றாக. என்ன சுகம்! உளுந்து வடை போட்டேன்.

இவர்: "நான் சொன்னேன்ல?"

நவ. 12, புதன்

மழை விட்டு விட்டு. வாளியை மூன்று தரம் கொட்டினேன்.

பி.எஃப். மெசேஜ் இன்றும். அழித்தேன். நேற்று அளவுக்கு சுகம் இல்லை.

செல்வி தன் போனிலிருந்து கூப்பிட்டாள். எடுத்தேன், அவளோடு எனக்கென்ன. லாரி ரெண்டு நாளா கேட்லயே நிக்குதாம். "முசே யாரோடயும் பேசலக்கா. உங்க சேரையே பாத்துக்கினு இருக்காரு. ஒடம்பு கிடம்பு சரியில்லயான்னு தெரியல." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீங்க திரும்பி வரமாட்டீங்கதான?" என்றாள். வரமாட்டேன் என்றேன். "வராதீங்கக்கா" என்றாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

இன்னும் நான்கே நாள். ஒன்றும் வரவில்லை. இவர் திட்டம் பலிக்கும் அறிகுறி இல்லை. இவரோ கேரம் விளையாடப் போய்விட்டார்.

நவ. 13, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணி இருக்கும். வாசலில் முசே. மழைக்கோட்டு, பேண்ட் முழங்கால் வரை ஈரம். எங்கள் சந்துக்குள் கார் வராது, தண்ணீரில் நடந்து வந்திருக்கிறார். பதினோரு வருடத்தில் முதல் தடவை என் வீட்டு வாசல். இவர் "வாங்க முசே" என்று நாற்காலியைத் துண்டால் துடைக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முசே உட்காரவில்லை. பிளாஸ்டிக் கவர் ஒன்றை நீட்டினார்.

"இந்தா, ஒன் செர்த்திஃபிக்கா எல்லாம். லெட்டரும் உள்ள இருக்கு. கையெழுத்து, சீலு எல்லாம் போட்டாச்சு."

பிரித்தேன். பி.காம்., மார்க் ஷீட்டுகள், பாச்சா உருண்டை வாசனை. லெட்டர், ஒரே பத்தி. சரியாகவே இருந்தது. லாரி நின்றதால் பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"மதாம் திங்கக்கெழம வந்துட்டா. கேட்டதும் பீரோவத் தொறந்து இதெல்லாம் எடுத்து என் மேசைல வச்சிட்டா. அந்தப் பொண்ணோட அம்மா அடக்கத்தன்னிக்கு நீங்க போன் பண்ணி நம்பர் கேட்டீங்க, அது மேலயா அவ ஒங்ககிட்ட இருப்பாங்கறா." மழைக்கோட்டுப் பொத்தானைத் திருகினார். "நான் பண்ணனா, ஸ்டெல்லா?"

"பண்ணீங்க முசே. ரெண்டு தரம் சொல்லச் சொன்னீங்க."

"எனக்கு ஞாபகமே இல்லியே."

பொய் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை. மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட ஒருவேளை ஆறியிருக்கும். எனக்கு ஐந்து மாதமாக நெஞ்சில் குத்திக்கொண்டிருப்பது அவருக்கு நடந்ததே இல்லை. அன்று அவருக்கு லாரி போய்விட்டது, அவ்வளவுதான்.

சரி. பி.எஃப். விலகல் தேதி முசே, அதையும் போட்டுவிட்டால், என்றேன்.

"அத செவ்வாக்கெழமையே போடச் சொல்லிட்டேனே! பாஸ்வேர்டு காலாவதியாம், மாத்தறதுக்கு ஒன் போனுக்குத்தான் நம்பர் வருமாம். கோவிந்தராசு மூணு நாளா ஒனக்கு அடிக்கறான். நீதான் எடுக்க மாட்டேங்கற. இதையே நேத்து கொண்டாந்து குடுத்துருப்பேன், தேதியும் ஏறட்டும், ஒண்ணா குடுக்கலாம்னு இருந்தேன்."

செவ்வாய். பி.எஃப். இரண்டு. படிக்காமல் அழித்தேன். வடை சுட்டேன்.

என் விடுதலையை நானே இரண்டு நாளாக அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் கூரை ஒழுகலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவ. 14, வெள்ளி

வெளிறிய வெயில். துணி காய்ந்தது, அது ஒன்றுதான் நல்ல செய்தி.

பிளாக் எடுத்து நானே போன் செய்தேன். "மேடம்! நல்லாருக்கீங்களா மேடம்!" கோவிந்தராசு சார் குரலில் ஒரு வருத்தமும் இல்லை. எனக்குத்தான் வெட்கம்.

நம்பர் வந்தது. சொன்னேன். ஒரே விரல். நேரம் போயிற்று. மறுபடி. இந்தத் தடவை ஏழு அடிப்பதற்கு ஒன்று அடித்துவிட்டார். மறுபடி. புது பாஸ்வேர்டை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக அடித்துவிட்டார். மறுபடி என்பதற்குள்,

"மேடம், இன்னமோ செவப்பா வருது மேடம். நாளைக்கு முயற்சி பண்ணவும்னு போட்டிருக்கு."

போனை மேசையில் வைத்தேன். யாரைத் திட்டுவது? கெட்டவர் ஒருவர்கூட இல்லாமல் ஒரு மனுஷியை இவ்வளவு படுத்த முடிகிறது.

நாளை சனி. அதை விட்டால் திங்கள்.

நவ. 15, சனி

லேசான மழை. தட்டாஞ்சாவடி. போகிற வழியெல்லாம் ஒரே சபதம்: என் நாற்காலியில் உட்காரக் கூடாது, கீபோர்டைத் தொடக் கூடாது.

கோவிந்தராசு சாரைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். முதுகுத் துண்டை மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஸ்டூலில் நான். கைகளைத் தொடைக்குக் கீழே கொடுத்துக்கொண்டேன். முசே எதிரே.

நம்பர் வந்தது. ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன், அவர் அடித்து நிமிர்ந்து என்னைப் பார்த்தால்தான் அடுத்தது. பாஸ்வேர்டு மாறியது. பட்டியலில் என் பெயர். மரிய ஸ்டெல்லா. விலகிய தேதி. காரணம் என்ற கட்டத்தில் அம்புக்குறியைத் தட்டினால் ஓய்வு, இறப்பு என்று வரிசையாக இறங்குகிறது. அவர் விரல் இறப்பின்மேல் போய் நின்றது.

"சார்!"

"ஐயோ, ஸாரி மேடம்."

ராஜினாமாவில் தட்டினார். பச்சையாக ஒரு வரி வந்தது. முசே அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஓ" என்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு இன்றுதான் அவருக்கு நான் போய்விட்டேன் போல.

எழுந்துபோகாமல், முசே, உங்க போனை எடுங்க என்றேன். புதுப் போன்தான், மகள் வாங்கி அனுப்பியது, ஸ்டிக்கர்கூடப் பிரிக்காதது. ஒவ்வொன்றிலும் என் நம்பரை எடுத்துவிட்டு அவர் நம்பர். ஒவ்வொன்றையும் மாற்றுவதற்கும் என் போனுக்குத்தான் கடைசியாக ஒரு நம்பர் வருகிறது. ஜி.எஸ்.டி., அடித்தாயிற்று. ஈ-வே பில், அடித்தாயிற்று. பி.எஃப்., இ.எஸ்.ஐ., கரண்ட், காஸ். நடுவில் முசே போனில் முதல் ஓ.டி.பி. வந்து விழுந்தது. திடுக்கிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டார்.

"இது இப்டித்தான் எந்நேரமும் கத்துமா?"

"ஆமா முசே."

"பூசையில இருந்தாலும்?"

"எங்க இருந்தாலும் முசே."

கிளம்பும்போது முசே கேட் வரை வந்தார், அது பழக்கமில்லை. செல்வி தூரத்திலிருந்து கையாட்டினாள். பாரீஸ் மகளின் டிக்கெட்டையும் மாற்றச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது, போகட்டும், அவள் பிளேன் பிடிக்கும்போது பார்த்துக்கொள்ளட்டும். கிராஜுவிட்டி வேறு பேசவே இல்லை. அதற்கு லேபர் ஆபீஸ் இருக்கிறது, அவசரமில்லை.

கல்லூரி அம்மாளுக்கு மூன்றையும் போட்டோ அனுப்பினேன். 'நல்லது. திங்கள் 9.30' என்று பதில்.

நவ. 16, ஞாயிறு

வானம் வெளுத்துவிட்டது. கூண்டை இறக்கிவிட்டார்கள், இவர் விடியற்காலையே படகுக்குப் போனார். நிம்மதி.

சாயங்காலம் தனியாகக் கல்லறைக்குப் போனேன். மழையில் அம்மா குழிமேல் ஒரு பக்கம் மண் இறங்கியிருக்கிறது. பக்கத்துக் குழியோரம் கிடந்த மண்ணைக் கையாலேயே அள்ளிப் போட்டுத் தட்டினேன். அண்ணி போட்ட முதல் பிடிக்குப் பதிலாக என்று எண்ணிக்கொண்டேன். அழுகை வந்தது, அழுதேன். யாருமில்லை, நன்றாகவே அழுதேன்.

அப்போது பையில் போன் அதிர்ந்தது. கையெல்லாம் சேறு. இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தேன். ஓ.டி.பி. அந்த பிரெட் ஆப். அதை மறந்தே போயிருக்கிறோம். பத்து நிமிடத்தில் காலாவதியாகும் என்று போட்டிருந்தது. உடனே அழைப்பு, முசே.

போனைக் குழி ஓரமாகப் புல்லில் வைத்தேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது, ஓய்ந்தது. பத்து நிமிடம் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். நாளைக் காலை முசேக்கு பிரெட் இல்லை.

குடை இன்னும் வாங்கவில்லை.